இயங்கும் கருனியின் தொகுப்பமைவை அறிதல்: 'இல்லை' என்பதன் இருபொருள்

1. முன்னுரை

கணிப்பொறியின் வன்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆளும் நிரற்பகுதி கெர்னல் அல்லது கருனி எனப்படும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருனி மூலநிரலாகவே கிடைப்பதால், எப்பகுதிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுப்பது என்பதனை அதனைத் தொகுப்போர் தாமே தெரிவு செய்கின்றனர். இத்தெரிவுகளின் பட்டியலே தொகுப்பமைவு. மொழித்தரவுகளைக் கணிப்பொறியில் பேணுவோர்க்கும் தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்ப்போர்க்கும் இப்பட்டியலைப் பிழையறப் படிக்கும் தேவை எங்ஙனம் எழுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. சிக்கல்

தமிழில் பெயரிடப்பட்ட தரவுக் கோப்புகளை ஃபாட் வகைக் கோப்பமைப்புக் கொண்ட பென் டிரைவில் பதிந்து, வேறொரு லினக்ஸ் கணிப்பொறியில் கட்டளைவழி இணைக்கும்போது, பெயர்கள் வெறும் வினாக்குறிகளாகத் தோன்றுவதுண்டு. தரவு சிதைந்துவிட்டதாகக் கருதிக் கோப்புகளை அழித்துவிடும் அபாயம் இங்கு உள்ளது. உண்மையில் நீண்ட பெயர்கள் வட்டில் ஒருங்குறியிலேயே உள்ளன. அவற்றைப் பயனருக்குக் காட்டுமிடத்துக் கருனி ஒரு குறியேற்றத்திற்கு மாற்றுகிறது. இணைக்கும் கட்டளையில் குறியேற்றம் சுட்டப்படாவிடின், தொகுப்பமைவில் கண்ட இயல்புக் குறியேற்றம் கைக்கொள்ளப்படும். மூலநிரல் தரும் இயல்புத் தெரிவு மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐஎஸ்ஓ 8859-1 ஆகும். அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமின்மையால் வினாக்குறி தோன்றுகிறது. யூடிஎஃப்-8 குறியேற்றத்தை இயல்பாக்கும் தனித்தெரிவும் உண்டு. அது நம் கருனியில் ஏற்கப்பட்டுள்ளதா என்பதே அறிய வேண்டுவது.

3. மூலபாடத்தைத் தேர்தல்

தொகுப்பமைவு மூன்று இடங்களில் கிடைக்கலாம். ஒன்று, மூலநிரல் அடைவிலுள்ள 'டாட் கான்ஃபிக்' கோப்பு. இது அடுத்துத் தொகுக்கப்படவிருக்கும் கருனியையே குறிக்கக்கூடும். இரண்டு, 'பூட்' அடைவில் பதிப்பெண்ணுடன் வைக்கப்படும் படி. 'யூநேம்' கட்டளை காட்டும் பதிப்பெண்ணோடு இதனை ஒப்பிடலாம். எனினும் அதே எண்ணில் மறுபடி தொகுக்கப்பட்டிருப்பின் படி பொருந்தாமற் போகலாம். மூன்று, 'ப்ராக்' அடைவில் சுருக்கிய வடிவில் காணப்படும் கோப்பு. இது வட்டில் இருப்பதன்று. இயங்கும் கருனி தன்னுள் பொதிந்துள்ள பட்டியலைத் தானே வெளியிடுவது. எனவே இதுவே மூலபாடம், ஏனையவை படிகள். ஆயின், பட்டியலைப் பொதிதலும் அதனை இவ்வழி வெளியிடுதலுமே தொகுப்பின்போது தெரிவு செய்யப்பட்டிருந்தாலன்றி இக்கோப்பு தோன்றாது. பொதிதல் மட்டும் தெரிவாகியிருப்பின், மூலநிரலோடு வரும் சிறுநிரல் ஒன்றால் கருனிக் கோப்பிலிருந்து பட்டியலைப் பிரித்தெடுக்கலாம்.

4. விடையும் விடையின்மையும்

பல தெரிவுகளுக்கு மூன்று விடைகள் உண்டு. 'ஒய்' எனில் அப்பகுதி கருனியோடு ஒன்றியது. 'எம்' எனில் வேண்டும்போது ஏற்றத்தக்க தனிக்கூறு. 'என்' எனில் விலக்கப்பட்டது. மூன்றாவது விடை பட்டியலில் 'என்' என எழுதப்படுவதில்லை. எண்குறியில் தொடங்கும் வரியில் தெரிவின் பெயரும் 'இஸ் நாட் செட்' என்னும் தொடரும் வருகின்றன. இவ்வரி தோற்றத்தால் குறிப்புரை, பொருளால் விடை. குறிப்புரைதானே என இவ்வரிகளை நீக்கினால், அடுத்த தொகுப்பில் அவ்வினாக்கள் மீண்டும் எழும். அல்லது இயல்பு விடைகள் அவ்விடத்தைப் பிடிக்கும்.

தெரிவின் பெயரே காணப்படாமை இதனின் வேறு. மேற்கூறிய யூடிஎஃப்-8 தெரிவு, வீஃபாட் என்னும் தெரிவைச் சார்ந்தது. வீஃபாட் ஏற்கப்பட்டு யூடிஎஃப்-8 விலக்கப்பட்டால் 'இஸ் நாட் செட்' வரி தோன்றும். வீஃபாட்டே விலக்கப்பட்டால், யூடிஎஃப்-8 பற்றிய வினா எழுவதில்லை, வரியும் இல்லை. அத்தெரிவு அறிமுகமாகாத பழைய பதிப்புகளிலும் வரி இராது. முன்னது மறுப்பு; பின்னது வினாவே எழாமை.

5. மொழிபெயர்ப்பும் முடிவும்

இவ்விரண்டையும் 'இல்லை' என்னும் ஒரே சொல்லாற் பெயர்த்தல் பொருள் மயக்கம் தரும். மயக்கத்தின் விளைவு நடைமுறை சார்ந்தது. முதல் நிலையில், இணைக்கும்போதே யூடிஎஃப்-8 எனச் சுட்டினால் பெயர்கள் மீளும். கருனியை மாற்ற வேண்டுவதில்லை. வீஃபாட் விலக்கப்பட்ட நிலையில் அவ்வகையில் இணைத்தலே இயலாது. ஆகவே முன்னதை 'விலக்கப்பட்டது' என்றும், பின்னதைப் 'பட்டியலில் இடம்பெறவில்லை' என்றும் வேறுபடுத்திப் பெயர்த்தல் தகும். எதிர்மறையின் வகைகளைப் பிரித்தறியும் மொழியியலார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. கணிப்பொறி ஆவணங்களிலும் அதனைக் காத்தல் அவர்தம் கடனாகும்.