புகை மாறினால் போதுமா?

"பீடியையும் சிகரெட்டையும் விட முடியவில்லை, தோழர். 'வேப்' என்று ஒரு கருவி வந்திருக்கிறதாமே, அதற்கு மாறினால் என்ன?"

திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்ப் போடிநாயக்கனூருக்குத் திரும்பும் இளந்தோழர்கள் வாயில் இந்தப் பேச்சு அடிபடுகிறது. கேள்வியில் குற்றமில்லை. விடவேண்டும் என்ற எண்ணம் பிறந்ததே, அது பெரிது. ஆனால் பதில் ஒற்றைச் சொல்லில் முடிவதல்ல.

சீனத்து மருந்தாளர் ஹோன் லிக் என்பார் 2003-ஆம் ஆண்டில் இக்கருவியை உருவாக்கினார். தாமே புகைத்தவர்; தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புகையிலையைக் கொளுத்தாமல், நிகோடின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கி இழுப்பதே இதன் சூட்சுமம். கொளுத்துவதால்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் நெஞ்சுக்குள் போகின்றன. ஆகவே ஆவி, புகையைவிடத் தீங்கு குறைந்தது. இதை மறைப்பது நமக்கு அழகல்ல. இங்கிலாந்து நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் 95 விழுக்காடு தீங்கு குறைவு என்றே சொல்லிற்று. அந்தக் கணக்கை ஏற்காத மருத்துவர்களும் உண்டு, அது கிடக்கட்டும்.

அதே இங்கிலாந்தில் 886 பேரை இரு கூறாக்கிச் சோதித்தார்கள். 2019-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு கழிந்ததும், வேப் பிடித்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் சிகரெட்டை விட்டிருந்தனர். நிகோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் பத்துப் பேர். சபாஷ் என்று கைதட்டுமுன் அடுத்த வரியையும் படியுங்கள். அப்படி விட்ட பதினெட்டுப் பேரில் ஐந்தில் நால்வர், ஓராண்டுக்குப் பின்னும் வேப்பை விடவில்லை! மருந்தால் விட்டவர்களிலோ நூற்றுக்கு ஒன்பது பேர்தான் மருந்தைத் தொடர்ந்தார்கள். புகை போயிற்று, நிகோடின் போகவில்லை. ஆண்டை மாறினான், அடிமைச் சீட்டு அப்படியே இருக்கிறது!

புதிய ஆண்டையும் யாரோ அல்ல. அமெரிக்காவில் மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி, 2018 டிசம்பரில் 1,280 கோடி டாலர் கொட்டி 'ஜூல்' என்ற வேப் கம்பெனியில் 35 விழுக்காடு பங்கை வாங்கியது. 'வியூஸ்' என்ற வேப்பை விற்பது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. நம் நாட்டுச் சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் பெரும் பங்குதாரரும் அதுவே. நம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கும் அந்த ஐ.டி.சி.யில் பங்கு உண்டு. ஆயுளுக்குக் காப்பீடு ஒரு கையில், சிகரெட் லாபம் மறு கையில்!

சர்க்கார் என்ன செய்தது? தமிழ்நாடு 2018-லும் இந்திய நாடு முழுவதும் 2019-லும் மின்னணு சிகரெட்டைத் தடை செய்தன. விற்றால் முதல் குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆவிக்குத் தடை, புகைக்கோ பெட்டிக்கடைதோறும் இடம்! 2025 செப்டம்பரில் கூடிய சரக்கு சேவை வரிக் கவுன்சில், பீடி வரியை 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கவும் முடிவெடுத்தது. (பீடி சுற்றும் நெல்லைச் சீமைப் பெண்களின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு மாற்று வேலை கொடு என்பது வேறு கோரிக்கை, அதையும் கேட்போம்.)

தடையின் விளைவு, இன்று கைக்கு வரும் வேப் அத்தனையும் கள்ளச் சரக்கு. உள்ளே இருப்பது என்ன என்று சோதித்தவர் எவருமில்லை. அமெரிக்காவில் 2019-இல் 2,800-க்கு மேற்பட்டோர் நுரையீரல் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்; 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து அடைத்த கள்ளக் குப்பிகளில் கலந்த வைட்டமின்-இ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளே காரணம் என்று கண்டார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். 1956-இல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. போடிமெட்டின் வளைவுகளில் கூலிக்கு ஏறும் நம் மக்கள் நிற்கவில்லை. ஏலத்தோட்டத்தில் குளிருக்கு ஒரு பீடி, அட்டைக் கடிக்கு ஒரு பீடி, களைப்புக்கு ஒரு பீடி. செடிக்கு மருந்து அடித்த கையைக் கழுவாமல் பீடியை உதட்டில் வைத்தால், பூச்சிமருந்தும் கூடவே வாய்க்குள் போகிறது. வேப் பிடித்தாலும் அதே கை, அதே வாய்தானே? பீடி சிறிசு, கெடுதி கொஞ்சம் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். அது அணையாமலிருக்க ஓயாமல் இழுக்க வேண்டும். தாரிலும் நச்சுவாயுவிலும் சிகரெட்டுக்கு அது இளைத்ததல்ல.

விடுவதற்கு மருந்து இருக்கிறது, தோழர்களே. நிகோடின் சூயிங்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2009-லேயே அவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வெற்றிலைபோல் மென்று விழுங்கக் கூடாது. விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். டீ குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது, கால்மணி நேரம் பொறுக்கவேண்டும். முதல் வாரம்தான் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் யோசனை கேட்கலாம்.

ஆனால் கூலிக்காரன் காசு போட்டு எத்தனை நாள் வாங்குவான்? போடி அரசு மருத்துவமனையில் இந்த மருந்து தடையின்றி, விலையின்றிக் கிடைக்கவேண்டும். மலையிறங்கி வருபவன் வரும் மாலை வேளையில் அதைக் கொடுக்க ஆள் இருக்கவேண்டும். இந்த இரண்டையும் எழுதி, கையெழுத்து வாங்கி, மருத்துவ அதிகாரியிடம் கிளைத் தோழர்கள் கொடுக்கட்டும். அதற்குமுன் சங்க அலுவலகத்து மேசையிலுள்ள சாம்பல் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.