கிட் ஏ (இசைத்தொகுப்பு)

கிட் ஏ என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ரேடியோஹெட் என்னும் மாற்று ராக் இசைக்குழுவின் நான்காவது ஸ்டூடியோ இசைத்தொகுப்பு ஆகும். இது 2000 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் பிரித்தானியாவில் பார்லோபோன் நிறுவனத்தாலும், மறுநாள் ஐக்கிய அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனத்தாலும் வெளியிடப்பட்டது. கித்தார் இசையால் புகழ்பெற்ற குழு ஒன்று, அப்புகழின் உச்சத்தில் அக்கருவியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மின்னணு ஒலிகளை நாடியதால், வெளிவந்தபோது இத்தொகுப்பு விமர்சகர்களையும் இரசிகர்களையும் இரண்டாகப் பிரித்தது. பத்தாண்டு கழிவதற்குள் அக்காலத்தின் மிகச்சிறந்த இசைத்தொகுப்பு எனப் பல இதழ்கள் இதையே தெரிவு செய்தன.

பின்னணி

தாம் யார்க், ஜானி கிரீன்வுட், அவருடைய அண்ணன் கொலின் கிரீன்வுட், எட் ஓ'பிரையன், பிலிப் செல்வே ஆகிய ஐவரைக் கொண்டது ரேடியோஹெட். ஐவரும் ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள அபிங்டனில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1992 இல் வெளியான "கிரீப்" என்ற பாடல் இவர்களை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தது. 1997 இல் வந்த "ஓகே கம்ப்யூட்டர்" என்னும் மூன்றாவது தொகுப்பு பெரும் பாராட்டைப் பெற்றதுடன், இளைய பிரித்தானியக் குழுக்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாகவும் அமைந்தது.

அந்த வெற்றியே சிக்கலாகவும் மாறியது. நீண்ட உலகச் சுற்றுப்பயணத்துக்குப் பின் யார்க் மனச்சோர்வுக்கு உள்ளானார். தொடங்கிய பாடல்களை அவரால் முடிக்க இயலவில்லை. கித்தார் இசையில் அவருக்குச் சலிப்பு ஏற்பட்டது. அக்காலத்தில் அவர் விரும்பிக் கேட்டவை ஆப்பெக்ஸ் டுவின், ஓட்டெக்கர் போன்ற மின்னணு இசைக் கலைஞர்களின் ஆக்கங்கள். அவற்றில் பாடகரின் குரலுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

ஒலிப்பதிவு

நைஜல் காட்ரிச்சைத் தயாரிப்பாளராகக் கொண்டு, 1999 சனவரியில் பாரிசில் பணி தொடங்கியது. பின்னர் கோபன்கேகனிலும், குளோசெஸ்டர்சயரில் ஒரு மாளிகையிலும், இறுதியில் ஆக்ஸ்போர்டில் குழுவின் சொந்த ஸ்டூடியோவிலும் தொடர்ந்தது. முடிக்க வேண்டிய கெடு எதுவும் விதிக்கப்படவில்லை. அது வசதி போலத் தோன்றினாலும், பல மாதங்கள் பெரிய பலன் இன்றிக் கழிந்தன. யார்க் கொண்டுவந்தவை முழுப் பாடல்கள் அல்ல. ஒலித்துணுக்குகளும் தாளத் துணுக்குகளுமே. மூன்று கித்தார் கலைஞர்கள் உள்ள குழுவில் கித்தாருக்கு வேலை இல்லையென்றால் தாம் என்ன செய்வது என்பது மற்றவர்களுக்குப் புரியவில்லை. வெளியிடத் தகுந்த ஒரு தொகுப்பில் உடன்பாடு காண இயலாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது என்று முடிவெடுக்கும் அளவுக்கு நிலைமை சென்றது. காட்ரிச் குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினர் வழக்கமான கருவிகள் இன்றியே ஒலிகளை உருவாக்க வேண்டும் என்று பயிற்சி அளித்தார். இம்முறையில் இறுதிப் பாடல்கள் உருவாகவில்லை என்றாலும் தயக்கம் குறைந்தது. முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் சேர்ந்தன. எஞ்சியவற்றில் பல 2001 இல் "அம்னீசியாக்" என்னும் தனித் தொகுப்பாக வெளிவந்தன.

இசை

தொகுப்பில் பத்துப் பாடல்கள் உள்ளன. "எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்" என்ற முதற்பாடலில் கித்தார் இல்லை. சிந்தசைசரின் மேல் யார்க்கின் குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு மிதக்கிறது. "த நேசனல் ஆந்தம்" பாடலில் ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் தாக்கத்தில் ஊதுகருவிக் குழுவொன்று கட்டுக்கடங்காமல் ஒலிக்கிறது. "ஹௌ டு டிஸ்அப்பியர் கம்ப்ளீட்லி" பாடலின் நரம்பிசையை ஜானி கிரீன்வுட் அமைக்க, டார்செஸ்டர் மடாலயத் தேவாலயத்தில் அது பதிவு செய்யப்பட்டது. இப்பாடலில் ஒலிக்கும் ஓன்ட் மார்த்தெனோ என்பது பிரான்சில் மொரீஸ் மார்த்தெனோ உருவாக்கி 1928 இல் அறிமுகம் செய்த பழைய மின்னணுக் கருவி. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அறுபடாமல் வழுக்கிச் செல்லக்கூடிய அதன் ஒலி மனிதக் குரலை நினைவூட்டுவது. பாடல் வரிகள் சிலவற்றை, தனித்தனிச் சீட்டுகளில் எழுதிய சொற்றொடர்களைக் குலுக்கி எடுத்து யார்க் அமைத்தார். எனவே அவற்றில் தொடர்ச்சியான கதையைத் தேடுவது பயன் தராது.

தனியே குறிப்பிடத்தக்கது "இடியோடெக்". ஜானி கிரீன்வுட் ஏறத்தாழ ஐம்பது நிமிட நேரம் பல ஒலிகளைப் பதிந்து யார்க்கிடம் கொடுக்க, அவர் அதிலிருந்து சில நொடிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாடலாக்கினார். அந்த நொடிகளில் இருந்த நான்கு சுரக்கட்டுகள் அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கியின் "மில்ட் உண்ட் லைசே" என்ற ஆக்கத்தைச் சேர்ந்தவை. 1973 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெருங்கணினியில் உருவாக்கப்பட்ட அவ்வாக்கம், வாக்னரின் "டிரிஸ்டான்" இசைநாடகத்தின் இறுதிப் பாடலிலிருந்து பெயரைப் பெற்றது. ஒரு பழைய இசைத்தட்டில் அது கிரீன்வுட்டின் கைக்கு வந்திருந்தது. முறைப்படி அனுமதி கேட்கப்பட்டு லான்ஸ்கியின் பெயரும் பாடலில் சேர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைநாடகம் ஒன்றின் சாயல், ஆய்வுக்கூடக் கணினி வழியாக நடன அரங்கின் தாளத்தை வந்தடைந்தது இப்படித்தான்.

வெளியீடு

அக்கால வழக்கத்துக்கு மாறாக, தொகுப்புக்கு முன் தனிப்பாடல் எதுவும் விற்பனைக்கு வரவில்லை. பாடல்களுக்கு வழக்கமான நிகழ்படங்களும் எடுக்கப்படவில்லை. மாறாகச் சில நொடிகளே ஓடும் அசைபடத் துணுக்குகள் இணையத்தில் பரப்பப்பட்டன. ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் விளம்பரங்கள் அற்ற பெரிய கூடாரம் ஒன்றில் குழு இசைத்தது.

வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே முழுத் தொகுப்பும் நாப்ஸ்டர் கோப்புப் பகிர்வுச் சேவையில் கசிந்தது. குழுவினர் இதற்காகப் பெரிதும் வருந்தியதாகத் தெரியவில்லை. பார்சிலோனாவில் புதிய பாடல்களை இசைத்த மறுநாளே அவை நாப்ஸ்டரில் கிடைத்தன என்றும், மூன்று வாரங்கள் கழித்து இஸ்ரேலில் இசைத்தபோது கூட்டத்தினர் அவற்றின் வரிகளை அறிந்திருந்தனர் என்றும் கொலின் கிரீன்வுட் வியப்புடன் கூறியுள்ளார். இலவசமாகக் கிடைத்ததால் விற்பனை குன்றும் என்ற அச்சம் பொய்த்தது. "ஓகே கம்ப்யூட்டர்" அமெரிக்கப் பட்டியலில் 21 ஆம் இடத்தையே எட்டியிருக்க, "கிட் ஏ" முதல் வாரத்திலேயே 2,07,000 படிகளுக்கு மேல் விற்று முதலிடம் பெற்றது. பிரித்தானியாவிலும் முதலிடமே.

வரவேற்பு

பிரித்தானிய இதழான மெலடி மேக்கரில் மார்க் போமாண்ட் இதற்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் மட்டுமே அளித்தார். (அவ்விதழ் அதே ஆண்டு இறுதியில் நின்றுபோனது.) நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி நியூ யார்க்கர் இதழில் எழுதிய கட்டுரையில், உழைத்துக் களைத்த சாதாரணக் கேட்பாளரிடம் இத்தொகுப்பு அளவுக்கு மீறிய பொறுமையை எதிர்பார்க்கிறது என்னும் பொருளில் குறைகூறினார். இக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. முதல் முறை கேட்பவருக்குப் பற்றிக்கொள்ள மெட்டு கிடைப்பது இதில் அரிதே. மாறாக, அப்போது சிறிய இணைய இதழாக இருந்த பிட்ச்போர்க் பத்துக்குப் பத்து அளித்தது. மிகையான உவமைகள் நிறைந்த அவ்விமர்சனம் கேலிக்கும் உள்ளானது, அவ்விதழுக்குப் பெயரும் தேடித்தந்தது.

2001 இல் இத்தொகுப்பு சிறந்த மாற்று இசைத் தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது. கருத்து மாறிய வேகத்தை ரோலிங் ஸ்டோன் இதழின் 500 சிறந்த தொகுப்புகள் பட்டியலில் காணலாம்: 2003 இல் 428 ஆம் இடம், 2012 இல் 67, 2020 இல் 20. ரோலிங் ஸ்டோன், பிட்ச்போர்க், பிரித்தானிய நாளிதழான த டைம்ஸ் ஆகியவை 2000களின் முதன்மைத் தொகுப்பாக இதைத் தெரிவு செய்தன. 2021 நவம்பரில் "கிட் ஏ", "அம்னீசியாக்" இரண்டும் வெளிவராத பதிவுகளுடன் சேர்க்கப்பட்டு "கிட் ஏ நிமீசியா" என்ற பெயரில் மறுவெளியீடு செய்யப்பட்டன.