தென் துருவத்தில் சென்னை யந்திரம்

மோட்டார் சைக்கிளில் தென் துருவத்திற்குச் செல்வது வீண் சாகசமே என்போர் நம்மில் உண்டு. அவர்களுடன் வாதாட நாம் முன்வரவில்லை. 2021-ம் வருஷம் டிஸம்பர் 16-ந் தேதி அங்கு போய்ச் சேர்ந்த இரு வண்டிகளும் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவான ராயல் என்பீல்டு ஹிமாலயன் வண்டிகள் என்பதே நாம் கவனிக்கத்தக்க விஷயம்.

பிரயாணத்திற்காகச் செய்த மாறுதல்கள் சிலவே. சங்கிலியை இழுக்கும் முன் பற்சக்கரத்தில் 15 பற்களுக்குப் பதிலாக 13 வைத்தார்கள். வேகம் குறையும், இழுக்கும் பலம் கூடும். பனிவெளியில் வேகத்தினால் யாது பயன்? டயரிலிருந்து ட்யூபை அறவே நீக்கினார்கள். காற்றைக் குறைத்தால்தான் டயர் அகன்று படிந்து, பனியில் புதையாமல் செல்லும். ட்யூப் இருக்கையில் அவ்வளவு காற்றை இறக்கினால், டயர் நழுவி வால்வு அறுந்துபோகும். வழுக்காதிருக்க ஆணிகளும் பதித்தனர். ஓட்டுவோரின் உடுப்பைச் சூடாக்க மின்சாரம் வேண்டுமன்றோ? அதற்காக அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை அமைத்தனர். இவற்றையெல்லாம் ஐஸ்லாந்தின் லாங்யோகுல் பனிப்பரப்பில் முன்னரே பரீக்ஷித்தும் பார்த்தார்கள். உயிர் யந்திரத்தை நம்பியிருக்கும் இடத்தில் இச்சிரத்தை மிகையன்று.

முழுதும் சுதேசி என்று மார்தட்ட நாம் துணியோம். இக்கம்பெனியின் பெயரே இங்கிலாந்தினுடையது. 1955-ல் சென்னையில் கம்பெனி ஏற்பட்டபோது பாகங்கள் அங்கிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். ஹிமாலயனின் சட்டத்தை வகுத்த ஹாரிஸ் நிறுவனமும் ஆங்கில நிறுவனமே. ஆனால் 2015-ல் அந்நிறுவனத்தைச் சென்னைக் கம்பெனியே விலைக்கு வாங்கிவிட்டது.