எக்ஸ் என்று பெயர் வைப்பது சோம்பலா?

புரோகிராமிங் கற்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் ஒழுக்கம், பெயர்களை விளக்கமாக வை என்பதுதான். 'எக்ஸ்' என்று எழுதினால் திட்டு விழும். 'மாதக்கட்டணம்' என்று எழுதினால் பாராட்டு கிடைக்கும். இந்தப் பழக்கத்தில் ஊறியவர், ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழிகளில் ஒன்றான ஹாஸ்கெலில் எழுதிய நிரலைத் திறந்தால் திடுக்கிடுவார். தர்க்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கரியின் பெயரைத் தாங்கி, 1990இல் முதல் வரையறை வெளியான அந்த மொழியில் எஃப், எக்ஸ், எக்ஸ்எஸ் என்று ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்கள் வரிக்கு வரி வரும். பார்த்தவுடன் சோம்பல் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நிரலுக்குத் தன் பொருளைப் பற்றி எவ்வளவு தெரியும், அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போகப்போகிறது என்ற இரண்டையும் பார்த்தே பெயரின் நீளத்தை முடிவு செய்கிறார்கள்.

'மேப்' என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். ஒரு பட்டியலின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரே வேலையைச் செய்து புதுப் பட்டியல் தருவது அது. ஹாஸ்கெலில் அதன் வரையறை இரண்டே வரி. பட்டியல் காலி என்றால் விடையும் காலி. இல்லையென்றால் முதல் உறுப்பு எக்ஸ், மீதி எக்ஸ்எஸ். எக்ஸில் எஃப்பைச் செலுத்து, எக்ஸ்எஸ்ஸில் மேப்பையே திரும்பச் செலுத்து, இரண்டையும் கோத்துவிடு. கடைசியில் ஒட்டிய எஸ் ஆங்கிலப் பன்மை. 'எக்ஸ்கள்' என்று நாம் சொல்வதுபோல. அந்த எக்ஸ் மாணவரின் மதிப்பெண்ணா, அரிசியின் விலையா? மேப்புக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இந்த அறியாமைக்கு ஒரு பலம் உண்டு என்பதை கணினி அறிவியல் அறிஞர் ஃபிலிப் வாட்லர் 1989இல் ஒரு கட்டுரையில் காட்டினார். எந்த வகைப் பொருளின் பட்டியலையும் வாங்கி அதே வகைப் பட்டியலைத் திருப்பித் தரும் ஃபங்ஷன், உறுப்புகளை இடம் மாற்றலாம், விட்டுவிடலாம், இரட்டிக்கலாம்; புதிதாக ஓர் உறுப்பை உண்டாக்க அதனால் முடியாது. உள்ளே எட்டிப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் 'விலை' என்று பெயர் வைத்தால் அது பொய்யாகிவிடும்.

வரையறையைத் தாண்டி வெளியே போகும் பெயர்களின் கதை வேறு. அங்கே பாதிப் பொருளை, தொடர்புடைய நிரல்களைத் தொகுத்து வைக்கும் மாடியூல் சுமக்கிறது. ஹாஸ்கெலில் 'ஃபில்டர்' என்ற பெயர் பட்டியலுக்கும் உண்டு, அகராதி போன்ற 'மேப்' என்ற தரவமைப்புக்கும் (மேலே சொன்ன ஃபங்ஷன் அல்ல) உண்டு, 'செட்' எனும் கணத்துக்கும் உண்டு. அதனால் மாடியூல் பெயரை முன்னால் வைத்து 'மேப்.ஃபில்டர்', 'செட்.ஃபில்டர்' என்று எழுதுவது வழக்கம். ஓகேமல் மொழியில் ஒரு மாடியூலின் முக்கிய வகைக்கு வெறும் 'டி' என்றே பெயரிட்டு, வெளியே 'ஸ்டிரிங்.டி' என்று அழைக்கிறார்கள். ஆக, நிரலை எந்த மாடியூலில் வைக்கிறோம் என்பதும் பெயர் சூட்டலில் ஒரு பகுதி.

இந்தப் பெயர் சூட்டும் முறைக்கு மறுப்புகள் உண்டு. லிஸ்ப் மொழியின் 'கார்', 'குடர்' என்ற குட்டிப் பெயர்கள் பட்டியலின் தலையையும் மீதியையும் எடுப்பவை. புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உண்மைதான். அவை ஐபிஎம் 704 கணினியின் நினைவகச் சொல்லில் இருந்த இரு பகுதிகளைக் குறித்த பெயர்கள். இயந்திரம் போய்ச் சேர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே தவறு சுருக்கத்தில் இல்லை. பட்டியலைப் பற்றிப் பேச வேண்டிய பெயர் இயந்திரத்தைப் பற்றிப் பேசியதில் இருக்கிறது. இன்னொரு மறுப்பு, குறிகளைப் பற்றியது. ஸ்கீம் மொழியில் ஆம்–இல்லை என்று விடை தரும் ஃபங்ஷனின் பெயர் கேள்விக்குறியில் முடியும். இருப்பதை மாற்றிவிடும் ஃபங்ஷன் ஆச்சரியக்குறியில் முடியும். இவை வெறும் மரபு, மீறினாலும் கணினி தடுக்காது என்பார்கள். சரிதான்; ஹாஸ்கெலில் ஃபங்ஷனின் வகையே (டைப்) காவல் காக்கிறது, காவல் இல்லாத இடத்தில் எச்சரிக்கைப் பலகையாவது வேண்டும்.

மின் கட்டணத்துக்கு அபராதம் கணக்கிடும் நிரலிலும் எக்ஸ்தானா என்று கேட்டால், கூடாது. அந்த ஃபங்ஷனுக்குக் கெடு தேதி தெரியும், தொகை தெரியும். தெரிந்ததை மறைப்பதும் பொய்தான். ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 'பில்' என்ற பெயரை அழித்து 'எக்ஸ்' என்று எழுதிய பிறகும் ஒரு ஃபங்ஷனின் பொருள் துளியும் கெடவில்லை என்றால், அது பில்லைப் பற்றிய ஃபங்ஷனே இல்லை. அதைக் கட்டண மாடியூலிலிருந்து எடுத்துப் பட்டியல் மாடியூலில் வைத்துவிடலாம்.