உறிஞ்சும் குழாயும் அப்பாவின் கேள்வியும்



கலர் பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோமே, கலரை மேலே தூக்குவது யார்? நம் வாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாய் செய்வது ஸ்ட்ராவுக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் அதை அழுத்தி மேலே ஏற்றுகிறது. இதே அழுத்த வித்தியாசத்தால் குழாய்க்குள் காற்றை ஓடவிட்டு, மாவு, சர்க்கரை, பிளாஸ்டிக் குருணை முதலியவற்றை ஆலைகளில் கொண்டுபோகிறார்கள். இதுதான் வேக்குவம் கன்வேயிங்.

போன லீவில் ஒரு மாவு மில்லுக்கு டிரெயினிங் போனபோது இதை நேரில் பார்த்தேன். முதலில் மாவு கொட்டும் தொட்டி, அடுத்து குழாய், அதன் முடிவில் சைக்ளோன். சைக்ளோனில் காற்று சுழலும்போது துகள்கள் சுவரில் ஒதுங்கிக் கீழே இறங்கும். மிஞ்சிய நுண்தூளைத் துணிப்பை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். கடைசியில்தான் புளோயர். ஆகவே புளோயருக்குச் சுத்தமான காற்றுதான் போகும். சைக்ளோனுக்கு அடியில் ரோட்டரி வால்வு. அது அறை அறையாகச் சுற்றி, வெளிக்காற்றை அதிகம் உள்ளே விடாமல் மாவைக் கீழே தள்ளும்.

மாவு எப்படிப் பறக்கிறது? களத்தில் தூற்றும்போது பதர் பறக்கும், நெல் விழும். காற்று இன்னும் பலமாக அடித்தால் நெல்லும் பறக்கும். அவ்வளவுதான் சங்கதி! மாவுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகம் வைக்கிறார்கள். அதாவது மணிக்கு 72 கி.மீ. நம்ம டவுன் பஸ் தோற்றுப்போகும். வேகம் குறைந்தாலோ, காற்றின் சக்திக்கு மீறி மாவைக் கொட்டினாலோ, குழாய் அடைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. முழு வெற்றிடமே உண்டாக்கினாலும் கிடைப்பது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.03 கிலோ அழுத்தம்தான். அதனால் ரொம்ப தூரம் கொண்டுபோக, பின்னாலிருந்து காற்றை அழுத்தித் தள்ளும் முறையே ஏற்றது.

பெரிய நன்மை என்னவென்றால், குழாயில் ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் போகும், தூசி வெளியே வராது. மாவுத்தூசி சாதாரண விஷயமில்லை. 1878 மே 2-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு மில் வெடித்து 18 பேர் இறந்தார்கள். குழாய்க்குள்ளும் தூசி இருக்கிறதே! மாவு உரசி நிலைமின்சாரம் உண்டாகும் என்பதால் குழாய்களுக்குக் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும்.

என் அப்பா வேறொரு மாவு மில்லில் லோடுமேன். சாயங்காலம் வரும்போது கண் இமைகூட வெள்ளையாக இருக்கும். ராத்திரி இருமல் நிற்காது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அந்தப் பெருமையில் நோட்டில் படம் போட்டு அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மிஷின்தான் தம்பி. தூசி வராதுன்னா சந்தோஷம். ஆனா இதை மாட்டிட்டா எங்க செட்டு பன்னெண்டு பேரும் எங்க போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்தேன். நான் பார்த்த மில்லில் மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டவும், ஃபில்டர் பையை மாற்றவும், அடைப்பை எடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையை முதலில் பழைய ஆட்களுக்கே கற்றுக்கொடுக்கலாம். மாவு எப்போது ஈரம் கோர்க்கும், எப்போது கட்டியாகும் என்று அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு பேருக்கும் அதில் இடம் இருக்காது. அதையும் மறைக்கக் கூடாது.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் ஒருவர் இப்படிப்பட்ட மிஷினை டிசைன் செய்வோம். டிராயிங் ஷீட்டை விரிக்கும்போது பைப்பின் விட்டத்தோடு, அந்த மூட்டையை இத்தனை நாள் தூக்கியவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு