பிறப்பைத் திருத்தும் கதைகள்: இளையோருக்குத் தொன்மங்களை யார் பக்கம் நின்று சொல்வது?

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி, சங்க இலக்கியம் போற்றும் வேளிர் தலைவன் ஆய் அண்டிரனின் ஊர் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பல பாடல்களில் பாடியுள்ளார். இரவலர்க்கு யானைகளை வாரி வழங்கியவன் என்பது அவனது புகழ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி கிரேக்க மொழியில் எழுதிய புவியியல் நூலிலும் தமிழகத்தின் தென்கோடியில் ‘ஆயோய்’ என்றொரு நாடு குறிக்கப்படுகிறது. அது ஆய் மரபினரின் நாடே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

ஆய் கொடுத்த யானைகளை நாம் அறிவோம். அவற்றைக் காட்டில் பிடித்தவர்களின், பழக்கியவர்களின், தீனியிட்டவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. பழங்கதைகளை இளையோருக்கு மீண்டும் சொல்ல முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய இடைவெளி இது. கிரேக்கத் தொன்மங்களைப் புறக்கணிக்கப்பட்டோரின் பார்வையில் மீளச் சொல்லும் முயற்சிகள் உலகெங்கும் பெருகியுள்ள இக்காலத்தில், அம்முயற்சிகளிலிருந்து நாம் கற்கத் தக்கது எது, நம் நிலத்துக் கதைகளில் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் எது என்பதை இங்கே விளக்க முனைகிறோம்.

பன்னிரு பெண்களும் ஒரு பன்றி மேய்ப்பரும்

ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில், இருபது ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பும் ஒடிசியஸ், தன் மனைவியை மணக்க வந்து வீட்டில் தங்கியிருந்தோர் அனைவரையும் கொல்கிறான். அதன்பின் அவ்வீட்டின் அடிமைப் பெண்கள் பன்னிருவர் அழைக்கப்படுகின்றனர். பிணங்களை வெளியே சுமக்கவும் குருதி படிந்த மேசைகளைக் கழுவவும் ஏவப்படுகின்றனர். வேலை முடிந்ததும் ஒடிசியஸின் மகன் அவர்களைக் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான். வந்திருந்த ஆண்களோடு உறவு கொண்டார்கள் என்பது அவர்கள் மீதான குற்றம். மறுக்கும் உரிமை ஓர் அடிமைக்கு இருந்ததா என்று காவியம் கேட்கவில்லை. 2005இல் வெளிவந்த ‘பெனிலோப்பியாட்’ என்னும் நூலில் கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் அதைக் கேட்டார். தூக்கிலிடப்பட்ட பெண்களையே அவர் பேசவும் பாடவும் வைத்தார்.

‘இலியத்’ காவியத்தில் தெர்சைட்டிஸ் என்றொரு வீரன் வருகிறான். போரின் கொள்ளையை அரசன் குவித்துக்கொள்கிறான், சாவது நாம் என்று அவையில் எழுந்து பேசுகிறான். ஏறத்தாழ இதே குற்றச்சாட்டை அக்கிலீஸ் சொன்னபோது அது வீரனின் சினமாகக் கருதப்பட்டது. தெர்சைட்டிஸ் சொன்னபோது ஒடிசியஸ் அவனைக் கோலால் அடிக்கிறான், படை சிரிக்கிறது. அவன் பேசத் தொடங்குமுன்பே அவனுடைய நொண்டிக் காலையும் கூன் முதுகையும் காவியம் இகழ்ச்சியோடு விவரித்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்கிவரும் ஆய்க்குடியில் ஒரு குழந்தை இக்கதையைக் கேட்டால், அவன் சொன்னது சரியா தவறா என்பதற்கும் அவன் காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டும்.

நம் நோக்கத்துக்கு மிக இன்றியமையாத பாத்திரம் பன்றி மேய்ப்பவரான யூமேயஸ். தலைவன் திரும்புவான் என்ற நம்பிக்கையோடு இருபது ஆண்டுகள் உழைத்தவர். வந்த பிச்சைக்காரன் யாரென்று அறியாமலே அவனுக்கு உணவும் போர்வையும் தந்தவர். இத்தகைய மனிதரைப் பற்றி ஹோமர் இன்னொரு செய்தியும் தருகிறார்: யூமேயஸ் உண்மையில் ஓர் அரசனின் மகன், குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். அடிமைத்தனம் எவருக்கும் நேரலாம் என்று இதைப் படிக்க இடமுண்டு. ஆனால் பன்றி மேய்ப்பவரிடம் பண்பு இருந்தால் அவர் பிறப்பால் அரசராகத்தான் இருந்திருப்பார் என்ற எண்ணத்துக்கும் இதுவே வழிவிடுகிறது.

வாலப்பகடையின் மகள்கள்

இவ்வெண்ணம் நம் நிலத்தில் இன்னும் வெளிப்படையாகச் செயல்பட்டுள்ளது. பொதிகை அடிவாரத்தில் வில்லுப்பாட்டாக வழங்கிவரும் முத்துப்பட்டன் கதை அதற்குச் சான்று. பிராமணரான முத்துப்பட்டன், அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மீதும் காதல் கொள்கிறான். அப்பெண்கள் அஞ்சி ஓடித் தந்தையிடம் முறையிடுகின்றனர். மணம் கேட்டு வந்தவனுக்கு வாலப்பகடை நிபந்தனை விதிக்கிறார்: குடுமியை மழித்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்று, எங்களில் ஒருவனாக வா. உடன்பிறந்தோர் அடைத்து வைத்தும் தப்பி வந்து முத்துப்பட்டன் அவ்வாறே செய்கிறான். மணம் முடிந்த கையோடு, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகின்றனர்.

1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக இக்கதையைப் பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. கதையின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிட்ட அவர், ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக் காட்டினார். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்னும் பிறப்புக் கதை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பதே அது. ஹோமரிடம் காவியத்துக்குள்ளேயே இருந்தது, இங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டுள்ளது. இந்த ஒட்டுதலால் கதையின் பொருளே தலைகீழாகிறது. சாதியை மீறிய மணம் சாதிக்குள் நிகழ்ந்த மணமாகிவிடுகிறது. வாலப்பகடை தந்தை என்ற நிலையிலிருந்து வெறும் காவலராக இறங்கிவிடுகிறார்.

மதுரை வீரன் கதையிலும் இதுவே நிகழ்ந்தது. அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அவ்வீரனைக் காசி அரசனின் மகன் என்கிறது வழங்கிவரும் கதை. 1956இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் வெளிவந்த திரைப்படமும் அவனை அரச குலத்தில் பிறந்தவனாகவே காட்டியது. வீரம் இருந்தால் அரச பிறப்பு, அழகு இருந்தால் பிராமணப் பிறப்பு என்பதே திருத்தத்தின் விதி.

நந்தனும் பூணூலும்

12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் நந்தனார் தில்லையில் தீயில் புகுந்து, பூணூலும் சடையும் கொண்ட முனிவராக எழுகிறார். அதன் பின்னரே அவருக்குக் கோயில் திறக்கிறது. முத்துப்பட்டன் பூணூலை அறுத்து மனிதனானான், நந்தன் பூணூல் பெற்றால்தான் பக்தன். இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குச் சாதி பற்றிய நீண்ட விளக்கவுரை தேவைப்படாது.

நம் முன்னோர் இக்கதையை அப்படியே விட்டுவிடவில்லை. 1907இல் தொடங்கிய தம் இதழில் அயோத்திதாசப் பண்டிதர் எழுதிய ‘இந்திரர் தேச சரித்திரம்’, நந்தனைச் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசனாக மீட்டெடுத்தது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தம் ‘தீண்டப்படாதோர்’ நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அரச பிறப்பை ஒட்டுவது தவறென்றால் பண்டிதர் செய்தது என்ன? இரண்டும் ஒன்றல்ல என்பது நம் கருத்து. மதுரை வீரனுக்கு ஒட்டப்பட்ட பிறப்பு ஒருவனை அவன் மக்களிடமிருந்து பிரித்தெடுக்கிறது. பண்டிதரின் நந்தன் தன் மக்கள் அனைவரோடும் சேர்ந்து இழந்த வரலாற்றைக் கோருகிறான். ஆயினும் இன்றைய குழந்தைக்கு அரசனான நந்தன் மட்டும் போதாது. சேற்றில் நின்று நாற்று நட்ட நந்தனும் மதிப்புக்குரியவன் என்பது அக்குழந்தைக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனெனில் அக்குழந்தையின் தாய் நாளையும் வயலுக்குத்தான் போகிறார்.

வகுப்பறையில் என்ன நிகழ்கிறது?

இது இலக்கியச் சுவை பற்றிய விவாதம் மட்டுமன்று. 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் அவர்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த சிறுவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம் எனப் பலவற்றைப் பரிந்துரைத்தது. கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்க ஆணை போதும். பிறப்பே மதிப்பு என்று கதைகளின் வழியே மனத்தில் கட்டப்படும் கயிற்றை அவிழ்க்க, வேறு வகையில் சொல்லப்பட்ட கதைகளே வேண்டும்.

அவற்றைச் சொல்வோர்க்குச் சிலவற்றை முன்வைக்கிறோம். நிகழ்ச்சிகளை மாற்ற வேண்டியதில்லை, நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். அடிமைப் பெண்கள் தூக்கிலிடப்பட்டதை மறைக்காமல், மேசையைக் கழுவிய ஒருத்தியின் கண்வழியே சொல்லலாம். பொம்மக்கா ஏன் அஞ்சி ஓடினாள் என்பதிலிருந்து முத்துப்பட்டன் கதையைத் தொடங்கலாம். அவள் தீயில் இறங்கியதைக் கற்பின் வெற்றியாகப் பாடாமல், வாழ விரும்பியிருப்பாளா என்று கேட்கலாம். ஒரு கதைக்குப் பல வடிவங்கள் இருந்தால் அவற்றையும் குழந்தைகளிடம் காட்டி, இந்த வரியை யார் சேர்த்திருப்பார், அதனால் யாருக்கு நன்மை என்று வினவலாம். பத்து வயதுக் குழந்தையால் இவ்வினாக்களுக்கு விடை காண இயலும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயனாக வழிபடப்படுகிறான். ஆடி அமாவாசையில் கூடும் மக்கள் அவனுக்குச் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். பிற கோயில்களில் வாசலிலேயே கழற்றி விடப்படும் பொருள் அங்கே தெய்வத்தின் முன் வைக்கப்படுகிறது. பிறப்புக் கதையை எத்தனை முறை திருத்தினாலும், வாலப்பகடை கற்றுக்கொடுத்த தொழிலை அந்தச் சன்னதியிலிருந்து எவராலும் அகற்ற முடியவில்லை. நம் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது, அந்தச் செருப்பைத் தைத்தவரிடமிருந்து கதையைத் தொடங்குவோம்.