ஓட்டுத் துண்டு கூறும் சரித்திரம்

வீட்டிலே பானை உடைந்தால் அதன் துண்டுகளை வேலியோரத்தில் எறிந்துவிட்டு மறந்துவிடுவது உலக வழக்கம். பொன்னும் வெள்ளியும் உருக்கப்பட்டு வேறு வடிவம் பெறும். பட்டும் பருத்தியும் உக்கிப்போகும். மரம் கறையானுக்கு இரையாகும். சூளையில் வெந்த மண்ணோ உடையுமேயன்றி அழியாது. புதைபொருளாராய்ச்சியாளர் பானையோட்டைப் பொன்னினும் மேலாக மதிப்பதற்குக் காரணம் இதுவே. பண்டைக் கிரேக்க நகர அரசுகளுள் புகழ்மிக்கதாகிய அதென்ஸிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓட்டுத் துண்டுகள் சில, பெருஞ் சரித்திராசிரியர்கள் எழுதாது விட்ட செய்தியொன்றை எடுத்துரைக்கின்றன. அச்செய்தி மக்களின் வாக்குரிமையைப் பற்றியது.

அதென்ஸ் நகரின் வடமேற்குப் புறத்திலே கெரமைக்கோஸ் என்னும் குயவர் பகுதி இருந்தது. மட்பாண்டத் தொழிலைக் குறிக்க இன்று வழங்கும் 'செரமிக்' என்னும் சொல்லும் அதே கிரேக்க வேரிற் பிறந்ததே. அந்நாட்டுக் களிமண்ணில் இரும்புச் சத்து மிகுதி. குயவர், வனைந்த கலத்தின்மேல் அதே மண்ணை மிக நுண்ணியதாக வடித்தெடுத்த குழம்பைப் பூசிச் சூளையில் இடுவர். முதலிற் காற்றுப் புக விட்டு எரிக்கும்போது கலம் முழுவதும் சிவக்கும். பின்னர் பச்சை விறகை இட்டுக் காற்று வழியை அடைக்க, புகையினாற் கலம் முழுவதும் கறுக்கும். மீண்டும் காற்றுப் புக விட்டால், பூச்சில்லாத பகுதி சிவப்பாக மாறும். பூச்சுப் பெற்ற பகுதியோ கண்ணாடிபோல் இறுகிவிட்டமையாற் கறுப்பாகவே நிற்கும். இத்தகைய கலமொன்று உடைந்தால், அதன் கரிய மேற்பரப்பிற் கூரிய முனையாற் கீறும்போது எழுத்துச் செந்நிறமாகத் தெரியும். எகிப்திலிருந்து வந்த பப்பிரசுத் தாள் விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருள். ஓட்டுத் துண்டோ தெருவெங்கும் கிடந்தது. ஆதலின் அதுவே அதென்ஸ் மக்களின் வாக்குச் சீட்டாயிற்று.

அவ்வாக்கு எதற்காக இடப்பட்டது? கொடுங்கோலாட்சியிலிருந்து விடுபட்ட அதென்ஸ் மக்கள், கி.மு. 508 அளவிற் கிளைஸ்தனீஸ் வகுத்த அரசியலமைப்பின்கீழ் வாழத் தலைப்பட்டனர். தனியொருவன் அளவு கடந்த செல்வாக்குப் பெற்று மீண்டும் கொடுங்கோலனாகி விடலாகாது என்னும் அச்சம் அவர்களை விட்டு நீங்கவில்லை. அவ்வச்சத்தின் பயனாகத் தோன்றியதே ஊர்விலக்குச் சட்டம். ஓட்டுத் துண்டைக் கிரேக்கர் 'ஒஸ்திரகோன்' என்பர். அதனால் அவ்வழக்கம் 'ஒஸ்திரகிஸ்மோஸ்' எனப்பட்டது. 'இவ்வாண்டு ஊர்விலக்கு வேண்டுமா?' என்னும் வினா ஆண்டுதோறும் மக்கட் சபையில் எழுப்பப்படும். வேண்டுமென்று சபை தீர்மானித்தால், ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின் 'அகோரா' என்னும் சந்தை வெளியை மரவேலியால் அடைத்து, குடிமக்களின் பத்துப் பிரிவினர்க்கும் பத்து வாயில்கள் விடுவர். குடிமகன் ஒவ்வொருவனும், நகரைவிட்டு நீங்கவேண்டியவன் என்று தான் கருதுபவனின் பெயரை ஓட்டிலே கீறி, எழுத்துத் தெரியாவண்ணம் கொண்டுவந்து இடுவான். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் பிற ஊரிலிருந்து வந்து குடியேறியோர்க்கும் இவ்வுரிமை இருக்கவில்லை.

புளூட்டார்க் என்னும் ஆசிரியர் கூறுவதன்படி, 6,000 ஓடுகளுக்குக் குறைந்தால் வாக்கெடுப்புச் செல்லாது. அத்தொகை நிறைந்தால், கூடிய ஓடுகளிற் பெயர் காணப்பட்டவன் பத்து நாட்களுக்குள் நகரை விட்டு நீங்கிப் பத்து ஆண்டுகள் வெளியே வாழவேண்டும். அவன்மீது குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, மறுமொழி கூற வாய்ப்பும் இல்லை. எனினும் அவனது சொத்து அவனுக்கே உரியதாயிருக்கும். இச்சட்டம் முதன்முதலாகக் கி.மு. 487 இற் பிரயோகிக்கப்பட்டது.

கி.மு. 482 இல் ஊர்விலக்கப்பட்ட அரிஸ்தைதீஸ், 'நீதிமான்' எனப் பெயரெடுத்தவர். அவரைப் பற்றிப் புளூட்டார்க் கூறும் கதை யாவரும் அறிந்தது. எழுத்தறியாத நாட்டுப்புறத்தான் ஒருவன், இன்னாரென்று அறியாமல் அவரிடமே தன் ஓட்டைக் கொடுத்து, அரிஸ்தைதீஸின் பெயரை எழுதித் தரும்படி கேட்டான். அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார் என்று வினவ, அவரைத் தனக்குத் தெரியாதென்றும், எங்குப் பார்த்தாலும் 'நீதிமான்' என்று சொல்லக் கேட்டுச் சலித்துவிட்டதென்றும் விடையளித்தான். அரிஸ்தைதீஸ் ஒன்றும் பேசாது தமது பெயரையே எழுதிக் கொடுத்தார். இக்கதை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளின் பின் எழுதப்பட்டது. உண்மையோ புனைவோ, யாராலும் அறுதியிட முடியாது. ஆயினும் அது ஒரு வினாவை எழுப்புகின்றது. எழுத்தறியாதவன் பிறர் கையை நம்பவேண்டியவன். எழுதிய கையெல்லாம் அரிஸ்தைதீஸின் கையைப்போல் நேர்மையாக இருந்திருக்குமா?

இவ்வினாவுக்கு விடை கிணறொன்றிலிருந்து கிடைத்தது. 1937 ஆம் ஆண்டளவில், அக்ரொப்பொலிஸ் குன்றின் வடசரிவிலே பழைய கிணறொன்றை அமெரிக்க ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, ஒரே பெயர் கீறிய ஏறத்தாழ 190 ஓடுகள் அகப்பட்டன. அப்பெயர் தெமிஸ்தொகிளீஸ் என்பது. கி.மு. 480 இற் சலாமிஸ் கடற்போரிற் பாரசீகரை முறியடித்துக் கிரேக்க நாட்டைக் காத்த மாவீரர் அவர். பல ஓடுகள் குடிகிண்ணங்களின் அடிப்பாகங்கள், வடிவத்தால் ஒத்தவை. எழுத்தை ஒப்புநோக்கியபோது, அவை அனைத்தையும் எழுதியவை பதினான்கு கைகளே என்று தெளிவாயிற்று.

இதன் பொருள் யாது? அவருடைய எதிரிகள் கூடியிருந்து முன்கூட்டியே ஓடுகளை எழுதி வைத்துள்ளனர். எழுத அறியாதவர்க்கு உதவும் எண்ணத்துடன் அவை எழுதப்பட்டிருக்கலாம். தயங்கி நின்றவன் கையிலே திணிப்பதற்காகவும் எழுதப்பட்டிருக்கலாம். எவ்வாறாயினும், வாக்காளனின் எண்ணம் அவனுக்கு முன்னரே பிறரால் எழுதப்பட்டிருந்தது. இதனை எந்த நூலாசிரியரும் கூறவில்லை. கிணற்றில் எறியப்பட்ட குப்பையே கூறிற்று. தெமிஸ்தொகிளீஸ் கி.மு. 471 அளவில் ஊர்விலக்கப்பட்டு, ஈற்றில், தாம் வென்ற பாரசீகரின் பேரரசனிடமே அடைக்கலம் புகுந்து அந்நாட்டிலே உயிர்நீத்தார்.

ஆனால், எல்லா ஓடுகளும் இத்தகையன அல்ல. அகோராவிற் கிடைத்தவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை. 1960 களின் பிற்பகுதியிற் கெரமைக்கோஸிலே ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தவை ஏறத்தாழ 8,500. அவற்றுட் பலவற்றிலே தடுமாறிய கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் மலிந்து கிடக்கின்றன. தெமிஸ்தொகிளீஸின் பெயரையே பலர் தாம் உச்சரித்தவாறு பிழையாகக் கீறியுள்ளனர். அப்பிழைகளே அவர்கள் தம் கையால் எழுதியமைக்குச் சான்றாகும். சரித்திர நூல்களிற் பெயரே காணப்படாத கலிக்சேனோஸ் என்பவனுக்கு எதிராக இருநூறுக்கு மேற்பட்ட ஓடுகள் உள்ளன. கலியாஸ் என்பவனைச் சிலர் பாரசீகன் என்று வைதனர். ஒருவர் ஓட்டின்மேற் பாரசீக உடை தரித்த உருவமொன்றையும் வரைந்து வைத்தார். அக்காலத்தில் ஊரைக் கலக்கிய இப்பகைமைகள் ஓடுகள் கிடைத்திராவிடின் அடியோடு மறைந்திருக்கும்.

இச்சட்டத்தின் முடிவும் அறியத்தக்கது. கி.மு. 416 அளவிலே நிக்கியாஸ், அல்கிபியாதீஸ் என்னும் இரு தலைவர்களுள் ஒருவர் விலக்கப்படுவார் என்று மக்கள் எதிர்பார்த்திருந்தனர். அவ்விருவரும் தம் கட்சியாரை இரகசியமாக ஒன்றுசேர்த்து, ஹிப்பெர்பொலோஸ் என்னும் மூன்றாமவனை விலக்கச் செய்தனர். தம் வாக்கு தம்மை ஏமாற்றியதை உணர்ந்த மக்கள், அதன்பின் அவ்வாயுதத்தைக் கையிலெடுக்கவில்லை.

கெரமைக்கோஸில் அகப்பட்ட ஓடுகளுட் சிலவற்றிலே எந்தத் தலைவனின் பெயரும் இல்லை. 'லிமோஸ்' என்னும் சொல் மட்டும் கீறப்பட்டிருக்கின்றது. பசி, பஞ்சம் என்பது அதன் பொருள். நகரை விட்டு நீங்கவேண்டியது பஞ்சமே என்று கருதிய எளிய குடிமகன் அதனை எழுதியிருத்தல் வேண்டும். அவ்வோடு எவரையும் விலக்கவுமில்லை, எண்ணிக்கையிற் பயன்படவுமில்லை. ஆயினும், கிணற்றிற் கிடந்த 190 ஓடுகளும் பிறர் எண்ணத்தைச் சுமந்திருக்க, அவ்வொன்று மட்டும் எழுதியவனின் எண்ணத்தையே சுமந்து நிற்கின்றது. வாக்குரிமையோடு எழுத்தறிவும் சேரும்போதே வாக்கு, அளிப்பவனுக்கு உரியதாகும் என்பதை அவ்வுடைந்த ஓடுகள் இன்றும் உணர்த்துகின்றன.